கேளுங்க சொல்றேன்: அழுக்குச் சட்டை போட்டா போதுமா?

கேள்வி: அண்ணே, என் பொண்ணு இங்க சிங்கப்பூர்லயே பொறந்து வளர்ந்தவ. ஏழைங்களப் பத்தின கிராமத்துப் படம் எதைப் போட்டாலும் "ஏம்மா எல்லாரும் அழுதுக்கிட்டே இருக்காங்க, சிரிக்கவே மாட்டாங்களா"ன்னு கேக்குறா. நெசமாவே ஊரு அப்படித்தானா, இல்ல நம்மள அழ வைக்கத்தான் அப்படி எடுக்குறாங்களா? – ஈசூன் வாசகி

பதில்: பொண்ணு சரியாத்தாம்மா கேட்டிருக்கு. இந்தப் பஞ்சாயத்து பழசு. 1980லேயே இந்தி நடிகை நர்கிஸ் ராஜ்யசபா எம்பியா இருந்தப்ப, வங்காள டைரக்டர் சத்யஜித் ரே இந்தியாவோட வறுமையை வெளிநாட்டுக்கு ஏத்துமதி பண்றாருன்னு போட்டுத் தாக்குனாங்க. ஆனா ரேயோட 'பதேர் பாஞ்சாலி'யப் பாருங்க, வீட்டுல சோத்துக்கு வழியில்ல, பிள்ளைங்க மிட்டாய்க்காரன் பின்னாடி குஷியா ஓடுதுங்க, ரயிலப் பாக்க ஓடுதுங்க.

ஒரு படம் உண்மையா இல்லையான்னு நான் பாக்குறது அழுகையிலயும் இல்ல அழுக்குலயும் இல்ல, காசுக் கணக்குல. கூலி எவ்வளவு, கடன் யார்கிட்ட, பஸ்ஸுக்குக் காசு இருக்கா, இது டைரக்டருக்குத் தெரிஞ்சிருந்தா மத்ததெல்லாம் தானா வந்துரும். 'வாழை' (2024) எடுத்துக்குங்க, வாழைத்தார் சுமக்குறவங்க கூலியை ஒரு ரூபா ஏத்திக் கேக்குறாங்க, வியாபாரியும் குடுக்குறான், ஆனா அந்தக் காசை மிச்சம் பிடிக்க ஆளுங்களுக்குத் தனி வண்டி விடாம காய் லோடு மேலயே ஏத்தி அனுப்புறான், அந்த லாரிதான் கவுருது. ஒத்த ரூபாயில ஆரம்பிச்சு எங்க போய் முடியுது பாருங்க! டைரக்டர் மாரி செல்வராஜ் சின்ன வயசுல தானே தார் சுமந்தவரு, அதான் அந்தக் கணக்கு அவருக்கு மனப்பாடம். 'மேற்குத் தொடர்ச்சி மலை'யில (2018) ரங்கசாமி ஆயுசுக்கும் ஒரு துண்டு நிலத்துக்கு அலையுறான், கிடைச்சதும் விதைக்கும் உரத்துக்கும் கடன், கடைசியில அதே நிலத்துல நிக்கிற கரண்டு எடுக்குற காத்தாடிக்கு வாட்ச்மேன். வில்லன்னு மீசைய முறுக்கிக்கிட்டு ஒருத்தனும் வரல. 'கூழாங்கல்'லயும் பஸ் காசைப் பையன் கிழிச்சுப் போட்டுர்றான், அதனாலதான் அப்பனும் மவனும் வெயில்ல நடக்குறாங்க, படமே அந்த நடைதான்.

சிரிப்புக்கு வர்றேன். இங்க நம்மாளுங்க கூடுற தேக்காவுல ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நம்ம ஊர்த் தம்பிங்ககிட்ட கொஞ்ச நேரம் பேசிப் பாருங்க, இங்க வர ஏஜெண்டுக்குக் கட்டுன கடனையும் அதுக்கு ஏறுன வட்டியையும் அவங்க ஜோக் அடிச்சுக்கிட்டேதான் சொல்லுவாங்க. அந்த நக்கல் இல்லாத கிராமத்துப் படத்த நான் நம்புறதில்ல.

கேள்வி: அப்போ ஊர்க்காரங்களையே நடிக்க வச்சாத்தான் யதார்த்தமா? – ஜூரோங் வாசகர்

பதில்: அப்படி ஒரு சட்டமும் இல்ல சார். 'கடைசி விவசாயி' நல்லாண்டி ஐயா நெசமான விவசாயி, படம் வர்றதுக்கு முன்னாடியே காலமாயிட்டாரு, தேசிய விருதுல அவர் பேரைச் சிறப்பாக் குறிப்பிட்டாங்க, அவர் நடந்து வர்றதே தனி அழகு. ஆனா 'தண்ணீர் தண்ணீர்'ல (1981) சரிதா ஆந்திராக்காரங்கதானே, குடத்தத் தூக்கிக்கிட்டு அவங்க நடந்தத யாராவது சந்தேகப்பட்டோமா? சில ஹீரோயினுங்க புருவத்த நறுக்குன்னு த்ரெட்டிங் பண்ணிட்டு மூஞ்சிக்குக் கறுப்பு மேக்கப் போட்டு நாத்து நட வந்து நிக்கிறாங்க பாருங்க, அதத்தான் என்னால தாங்க முடியல.