வாசகர் கேள்வி – அக்காவின் பதில்

கேள்வி: எங்கள் தமிழ் மெதடிஸ்ட் சபையில் ஞாயிறு பள்ளியை இனி முழுக்க ஆங்கிலத்திலேயே நடத்தலாம் என்கிறார்கள். “வேதம்தானே முக்கியம், எழுத்தா முக்கியம்?” என்று ஒரு பெரியவரே கேட்கிறார். பல காலம் ஞாயிறு பள்ளியில் கற்பித்தவர் நீங்கள். என்ன சொல்கிறீர்கள், அக்கா?
– வாசகி, ஈசூன்

பதில்: ஞாயிறு பள்ளி பிறந்ததே எழுத்துக்காகத்தான் என்று அந்தப் பெரியவரிடம் சொல்லுங்கள், தங்கச்சி. இங்கிலாந்தின் கிளாஸ்டர் நகரில் 1780இல் பத்திரிகை நடத்திவந்த ராபர்ட் ரெய்க்ஸ் அதைத் தொடங்கினார். வாரத்தில் ஆறு நாளும் வேலைக்குப் போன ஏழைப் பிள்ளைகளுக்கு ஞாயிறு ஒன்றுதான் ஓய்வு. அன்று உட்காரவைத்து வாசிக்கக் கற்றுக்கொடுத்தார்கள், வேதாகமம்தான் பாடநூல். அவருக்கும் முன்னால், 1769இலேயே, ஹை விக்கம் ஊரில் ஹன்னா பால் என்ற மெதடிஸ்ட் பெண் இதைச் செய்துவிட்டார். பெயரை ரெய்க்ஸ் தட்டிக்கொண்டு போனார், வழக்கம்போல!

இங்கே சிங்கப்பூரிலும் அதே கதைதான். 1885 பிப்ரவரியில் மெதடிஸ்ட் மிஷனரிகளான தோபர்னும், பெங்களூரில் பிறந்த ஓல்டமும் வந்து இறங்கினார்கள். மறு ஆண்டே ஓல்டம் அமோய் ஸ்திரீட்டில் 13 மாணவர்களுடன் ஆங்கிலோ சீனப் பள்ளியைத் திறந்தார். 1887இல் ஷார்ட் ஸ்திரீட் கடைவீடு ஒன்றில் ஒன்பது தமிழ்ச் சிறுமிகளோடு மிஷனரி சோஃபியா பிளாக்மோர் தொடங்கிய பள்ளிதான் இன்றைய மெதடிஸ்ட் பெண்கள் பள்ளி. பெண்ணைப் படிக்க அனுப்பத் தயங்கிய காலம் அது.

என் வகுப்பில் ஒரு பையன் மனப்பாட வசனத்தை மூச்சுவிடாமல் ஒப்பித்தான். கையிலிருந்த அட்டையை வாங்கிப் பார்த்தேன். தமிழ் வசனம் முழுவதும் ஆங்கில எழுத்தில், அம்மாவின் கையெழுத்தில்; ழகரம் வரும் இடங்களில் மட்டும் சிவப்புப் பேனாக் கோடு. வார நாளெல்லாம் பள்ளியில் தமிழ் படிக்கிற பிள்ளை அவன்! அவனுக்குப் படிக்கத் தெரியாது என்று முடிவுகட்டியது யார்? நாம்தான்.

வேதாகமத்தின் பழைய நடை பிள்ளைகளுக்குக் கடினம், ஒப்புக்கொள்கிறேன். அதற்குப் பொருள் சொல்லத்தானே ஆசிரியை? கதையை எந்த மொழியில் வேண்டுமானாலும் சொல்லுங்கள். வசனமும் பாட்டும் தமிழ் எழுத்தில் இருக்கட்டும். பெரிய பிள்ளைகள் உரக்க வாசிக்க, சின்னவர்கள் வரியில் விரல் வைத்துத் தொடரட்டும். சிங்கப்பூர் மெதடிஸ்ட் திருச்சபையில் தமிழ்ச் சபைகளுக்கென்றே தனி ஆண்டு மாநாடு இருக்கிறது. நாளை அதில் எழுந்து தமிழில் பேச ஆள் வேண்டாமா?

கேள்வி: மவுண்ட் சோஃபியா குன்றுக்கு சோஃபியா பிளாக்மோரின் பெயரைத்தான் வைத்தார்களா?
– வாசகர், தோ பாயோ

பதில்: இல்லை, தம்பி. அவர் வருவதற்கு முன்பே அந்தக் குன்றுக்கு அந்தப் பெயர்தான். பள்ளி அங்கே குடிபோனது 1925இல். 1992இல் அங்கிருந்தும் கிளம்பி, இப்போது பிளாக்மோர் டிரைவில் இருக்கிறது. அந்தச் சாலைக்குத்தான் அவர் பெயர்.