கல்லடியில் இருந்துகொண்டு சைக்கிள் பிரேம் கையால் செய்யப் பழகலாமா?

தாராளமாகப் பழகலாம், தம்பி. ஆனால் குழாய்களைப் பித்தளை உருக்கி ஒட்டுவதற்கு முன் அரம் பிடிக்கப் பழகுங்கள். ஒரு குழாயின் முனையை மற்றக் குழாயின் வளைவோடு வெளிச்சம் தெரியாமல் பொருந்தும்வரை அராவ வேண்டும். முழு வேலையிலும் எனக்கு மிகப் பிடித்தது இதுதான். இடைவெளி இருந்தால் பித்தளை அதை நிரப்பும், ஆனால் பலம் வராது.

பித்தளை ஒட்டுக்குச் சுமார் 900 பாகை செல்சியஸ் போதும். இரும்பு உருக 1400க்கு மேல் வேண்டும் என்பதால் குழாய் உருகாது. நல்ல பிரேம் குழாயின் சுவர் 1 மி.மீ. கூட இராது, மின்வெல்டிங்கில் சட்டென்று ஓட்டை விழும்.

சரி, எதில் பழகுவது? உடைந்த பழைய பிரேமை வெட்டி, பெயின்ற் சுரண்டிப் பழகுங்கள். கல்வனைஸ் குழாய் வேண்டவே வேண்டாம், அதன் மேல் பூசிய நாகம் (சிங்க்) சூட்டில் புகைந்து காய்ச்சலைக் கொண்டுவரும்.

அப்புறம், நம்ம கடற்காற்றுக்கு உள்பக்கமும் துருப்பிடிக்கும். பித்தளை நன்றாக ஒட்டுவதற்காகப் பூசிய வெங்காரத்தை (போராக்ஸ்) வெந்நீரில் கழுவி, காய்ந்ததும் குழாய்க்குள் எண்ணெய் ஓடவிடுங்கள்.