கார் விமர்சகராக என்ன வழி?

கேள்வி: டிவியில் கார்களை ஓட்டிப் பார்த்து விமர்சிப்பவராக ஆசை. எங்கே தொடங்குவது?
– வாசகர், பல்லடம்

பதில்: எழுத்தில் தொடங்குங்கள். டிவி கார் விமர்சனத்தில் புகழ்பெற்ற பிரிட்டன்காரர் ஜெரமி கிளார்க்சனே இங்கிலாந்தின் ராதர்ஹாமில் உள்ளூர்ப் பத்திரிகை நிருபராக இருந்தவர். 1988-ல்தான் பிபிசியின் 'டாப் கியர்' கார் நிகழ்ச்சிக்கு வந்தார்.

பலர் சறுக்குவது மைலேஜில். டேஷ்போர்டு காட்டும் எண்ணை நம்பாதீர்கள். டயர் காற்றைக் குளிர்ந்த நிலையில் சரிபாருங்கள். பங்கில் குழாய் தானாக நிற்கும்வரை நிரப்பி, 100 கி.மீ.க்கு மேல் ஓட்டி, அதே பங்கில் மறுபடி நிரப்புங்கள். ஓடிய தூரத்தை, இரண்டாம் முறை நிரப்பிய லிட்டரால் வகுத்தால் கணக்கு வந்துவிடும். அவிநாசி சாலை நெரிசலுக்குத் தனிக்கணக்கு, புறவழிச்சாலைக்குத் தனிக்கணக்கு. இரண்டையும் கலந்து சொல்வது வாசகரை ஏமாற்றுவதுதான்.

பிரேக்கைப் பார்க்க ஆழியாறு–வால்பாறை சாலையின் 40 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. இறக்கத்தில் இரண்டாம் கியரில் வாருங்கள். பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் சூடேறிப் பிடிப்புக் குறையும்.

கேமரா முன் பேசும்போது ஏசி விசிறியைக் குறையுங்கள், இரைச்சல் மைக்கில் ஏறும்.