பிக்கப் வண்டியில் கூலண்ட் (எஞ்சினை ஆறவைக்கும் திரவம்) குறைந்துகொண்டே போகிறது, கீழே ஒரு சொட்டுகூட இல்லை. ஹெட் கேஸ்கெட்தான் போயிருக்குமா?

இருக்கலாம். எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டுக்கும் கீழே உள்ள சிலிண்டர் பகுதிக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடுதான் ஹெட் கேஸ்கெட். ஆனால் அது போயிருப்பதை உறுதி செய்யாமல் ஹெட்டைக் கழற்ற மட்டும் சம்மதிக்காதீர்கள். இதே கேள்வியோடு ஐந்து மாதம் அலைந்தவன் என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். உங்களுடையது டர்போ டீசல் பிக்கப் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

என் வண்டியில் ஆயிரம் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ அரை லிட்டர் குறைந்தது. இரவு நிறுத்தும் இடத்தில் அட்டை விரித்து வைத்தேன். காலையில் காய்ந்தே கிடந்தது. ஹோஸ், கிளாம்ப், வாட்டர் பம்ப் எதிலும் ஈரம் இல்லை. கூலண்ட் கசிந்து காய்ந்தால் ஒரு வெளிர் படிவு விட்டுப்போகும், அதுவும் இல்லை. ஆயில் சுத்தம். டெம்பரேச்சர் முள் நடுவை விட்டு நகரவில்லை. காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் கொஞ்சம் வெள்ளைப் புகை வரும், ஒரு நிமிடத்தில் நின்றுவிடும்.

ஒர்க்‌ஷாப்பில் எஞ்சின் ஆறியிருந்தபோது கூலண்ட் டேங்க் மூடியைத் திறந்துவைத்து, ஸ்டார்ட் செய்து ஆக்சிலரேட்டரை அழுத்திப் பார்த்தார்கள். டேங்கில் குமிழ் வந்தது. "கேஸ்கெட் போயிடுச்சு" என்று அங்கேயே முடிவு சொல்லிவிட்டார்கள். நானும் நம்பினேன். ஹெட்டை இறக்கி, அதன் அடிப்பரப்பைச் சீவிச் சமமாக்கி, புது கேஸ்கெட் போட்டார்கள். மூன்றே வாரத்தில் டேங்க் மறுபடி குறைந்தது. குமிழும் அப்படியே வந்தது.

அந்தக் குமிழ்தான் எங்கள் எல்லோரையும் ஏமாற்றியது. டீசல் எஞ்சினில் ஈஜிஆர் கூலர் என்று ஒன்று உண்டு. புகைவாயுவில் ஒரு பகுதியை மறுபடி இன்டேக்குக்கு அனுப்பும் முன் கூலண்டால் ஆறவைக்கும் பெட்டி அது. உள்ளே ஒரு பக்கம் புகை, மறுபக்கம் கூலண்ட், நடுவில் மெல்லிய தகடு. அந்தத் தகட்டில் மயிரிழை விரிசல் விட்டால், புகையின் அழுத்தம் கூடும்போது வாயு கூலண்டுக்குள் போகும்; டேங்கில் குமிழ் தெரியும். எஞ்சினை நிறுத்திய பிறகு கூலண்ட் அழுத்தத்தில் இருக்கும், புகை வழியில் அழுத்தம் இருக்காது. அப்போது கூலண்ட் அந்தப் பக்கம் கசியும், அடுத்த ஸ்டார்ட்டில் ஆவியாகிப் போய்விடும். வெளியே சொட்டாது, ஆயிலிலும் கலக்காது. ஆக, குமிழ் வந்தால் புகைவாயு கூலண்டில் சேர்கிறது என்று மட்டும்தான் அர்த்தம். எந்த வழியாகச் சேர்கிறது என்பதைத் தனியாகத்தான் தேட வேண்டும்.

பிறகு வேறொரு மெக்கானிக்கிடம் போனேன். நிதானமானவர். முதலில் மூடியையே சோதித்தார்; அது பலவீனமாக இருந்தால் கூலண்ட் ஆவியாகவே வெளியேறிவிடும், தரையில் தடம் இருக்காது. மூடி சரியாக இருந்தது. அப்புறம் ஆறிய எஞ்சினில் பிரஷர் டெஸ்டரை மாட்டி 15 பி.எஸ்.ஐ. ஏற்றினார். உங்கள் மூடியில் எவ்வளவு எழுதியிருக்கிறதோ அதைத் தாண்டி ஏற்றக் கூடாது. முந்தைய இடத்திலும் இதே சோதனையைச் செய்தார்கள், பத்து நிமிடம் பார்த்துவிட்டுக் கழற்றிவிட்டார்கள். இவர் இரவு முழுவதும் அப்படியே விட்டார். காலையில் முள் 9-ல் நின்றது. வெளியே எங்கும் ஈரம் இல்லை.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. அப்படி இரவெல்லாம் அழுத்தம் ஏற்றி வைத்த எஞ்சினை நேராக ஸ்டார்ட் செய்யாதீர்கள். சிலிண்டருக்குள் கூலண்ட் இறங்கியிருந்தால், அது அமுங்காது என்பதால் பிஸ்டனோடு இணைந்த கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அவர் குளோ பிளக்குகளை (ஸ்டார்ட் செய்யும்போது சிலிண்டரைச் சூடாக்கும் பாகங்கள்) கழற்றிவிட்டு எஞ்சினைச் சுற்றவிட்டார். எந்தச் சிலிண்டரிலிருந்தும் துளி வரவில்லை. அடுத்து ஈஜிஆர் குழாயைக் கழற்றினார். உள்ளே காய்ந்த கரி இருக்க வேண்டிய இடத்தில் கறுப்புச் சேறு. ஒரு ஓரத்தில் கரியே கழுவிப்போய் உலோகம் பளிச்சென்று தெரிந்தது. கூலரைத் தனியே எடுத்து, கூலண்ட் வழியை அடைத்துக் காற்று ஏற்றி, தண்ணீரில் அமிழ்த்தினோம். பச்சைத் தண்ணீரில் எப்போதாவது ஒரு குமிழ். சுடுதண்ணீரில் வரிசையாக வந்தது. சூட்டில் விரிசல் அகலும் என்பதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

கூலரை மாற்றினோம். அவ்வளவுதான் வேலை.

இதைப் படித்துவிட்டு "ஈஜிஆரையே அடைத்துவிட்டால் போதுமே" என்று சிலர் சொல்வார்கள். பல நாடுகளில் அது புகை விதிகளுக்கு எதிரானது, நான் செய்யவில்லை, சொல்லவும் மாட்டேன். கசிவை அடைக்கும் பொடி, திரவம் போடுவதும் வேண்டாம். அது ரேடியேட்டரின் சன்னக் குழாய்களையும், கேபினைச் சூடாக்கும் ஹீட்டர் கோரையும் சேர்த்து அடைக்கும். ஹெட் கேஸ்கெட் போகவே போகாது என்றும் நான் சொல்லவில்லை. போகும். குளோ பிளக் துளை வழியாகக் கூலண்ட் வந்தால் அதுதான் முதல் சந்தேகம். உங்களுடையது பெட்ரோல் என்றால் ஈஜிஆர் கூலர் இல்லாமலே இருக்கலாம். வாட்டர் பம்பின் கசிவுத் துளையையும், கண்ணாடியில் பனி படிந்து கேபினில் இனித்த வாடை வருகிறதா (ஹீட்டர் கோர் கசிந்தால் அப்படி வரும்) என்பதையும் பாருங்கள்.

ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கழற்றிய பழைய கேஸ்கெட்டைக் கேட்டேன். "தூக்கிப் போட்டாச்சு" என்றார்கள். அது என் பொருள். என் காசில் மாற்றிய பாகத்தைக் கண்ணில் காட்டுவதற்கு என்ன தயக்கம்? எரிந்த தடம் இல்லாத நல்ல கேஸ்கெட் என்று அன்றே தெரிந்திருந்தால், அடுத்த மூன்று மாதம் நான் என்மீதே சந்தேகப்பட்டிருக்க மாட்டேன். பழைய பாகம் வேண்டும் என்று கேட்டால் சண்டைக்காரன் மாதிரி பார்க்கிறார்கள். வண்டியை விடும்போதே அதை எழுதி வாங்குங்கள்.

கூலர் மாற்றிய பிறகு முதல் இரண்டு மூன்று நாள் அளவு கொஞ்சம் இறங்கும், உள்ளே சிக்கிய காற்று வெளியேறுவதால். பதறாதீர்கள். டேங்கில் ஒரு டேப் ஒட்டிக் குறித்து, சமதளத்தில், எஞ்சின் நன்றாக ஆறிய காலையில் மட்டும் பாருங்கள். என் டேப் ஒட்டி எட்டு மாதம் ஆகிறது, கோடு நகரவில்லை. உங்கள் வண்டி டீசலா, காலையில் புகை வருகிறதா என்று கீழே எழுதுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.