டப்பாவில் என்ன இருக்கிறது?

கேள்வி: எனக்கு வயது 62. இரண்டு வருட முழங்கால் வலிக்குப் பலதுறை மருந்தகத்தில் பனடோலும் பிசியோதெரபியும்தான் தருகிறார்கள். ஜொகூர் போன நண்பர் ஒரு டப்பா மூலிகைச் சூரணம் வாங்கி வந்தார். மூன்றே நாளில் வலி பறந்துவிட்டது! ஐந்து மாதமாகச் சாப்பிடுகிறேன். நன்றாகப் பசிக்கிறது, முகம்கூடப் பூரித்திருப்பதாகச் சொல்கிறார்கள். என் தங்கைக்கும் பாதி கொடுத்திருக்கிறேன். சர்க்கரை மட்டும் ஏனோ ஏறிவிட்டது. பாலும் சர்க்கரையும் இல்லாத தே ஓ கோசோங் தேநீருக்கு மாறியும் இறங்கவில்லை. இப்படிப்பட்ட இயற்கை மருந்துகளைப் பத்திரிகைகள் மூடி மறைப்பது ஏன்?
- வாசகர், ஈசூன்

பதில்: மூடி மறைப்பது நாங்கள் இல்லை ஐயா, டப்பாவில் ஒட்டியிருக்கும் லேபிளாக இருக்கலாம்.

உங்கள் கேள்வியைவிட, போகிற போக்கில் நீங்கள் சொன்ன மூன்று விஷயங்கள்தான் என்னை உறுத்துகின்றன. அதிகப் பசி, பூரித்த முகம், ஏறிய சர்க்கரை. மூன்றும் சேர்ந்து வந்தால், “ஸ்டீராய்டு ஏதாவது சாப்பிடுகிறீர்களா?” என்றுதான் மருத்துவர் கேட்பார். நீங்கள் பூரிப்பு என்பதை அவர்கள் நிலா முகம் என்பார்கள்.

சிங்கப்பூரின் சுகாதார அறிவியல் ஆணையம் எத்தனையோ தடவை எச்சரித்துவிட்டது. மூட்டுவலிக்கென்று விற்கும் ‘மூலிகை’ச் சரக்கைச் சோதித்துப் பார்த்தால், உள்ளே டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு, அதாவது வலியையும் வீக்கத்தையும் வேகமாக அடக்கும் மருந்து. லேபிளில் அதைப் பற்றி மூச்சே இருக்காது. உங்கள் டப்பாவிலும் அதுதான் என்று அடித்துச் சொல்ல என்னிடம் ஆய்வுக்கூடம் இல்லை. ஆனால், இரண்டு வருட வலியை மூன்று நாளில் விரட்டும் மூலிகையை நான் கண்டதில்லை. தைலம் தேய்த்து ஒத்தடம் கொடுத்த என் பாட்டியே, “ஒரு மண்டலம் பொறுடா” என்பார்.

இதைப் படித்ததும் டப்பாவைக் குப்பையில் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கத் தோன்றும். வேண்டாம்! மாதக்கணக்கில் ஸ்டீராய்டு உள்ளே போனால், சிறுநீரகத்தின் மேல் தொப்பி மாதிரி இருந்து, உடம்பின் சொந்த ஸ்டீராய்டைச் சுரக்கும் அட்ரினல் சுரப்பி, தனக்கு வேலையில்லை என்று தூங்கிவிடும். சட்டென்று நிறுத்தினால் வாந்தி, மயக்கம், ரத்த அழுத்தச் சரிவு என்று உயிருக்கே ஆபத்தாகலாம். எப்படிக் குறைப்பது, எப்போது நிறுத்துவது என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். இன்றே டப்பாவோடு போங்கள். திட்டுவார், வாங்கிக்கொள்ளுங்கள்.

தே ஓ கோசோங் நல்ல பழக்கம், விட்டுவிடாதீர்கள். ஆனால் ஸ்டீராய்டு ஏற்றும் சர்க்கரைக்கு அது மட்டும் போதாது.

அப்புறம், “பிசியோதெரபிதான்” என்று அலுத்துக்கொண்டீர்களே. நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டி, ஐந்து எண்ணும்வரை பிடித்து, மெதுவாக இறக்குவது. காலுக்குப் பத்துத் தடவை. சொல்லிக் கொடுத்திருப்பார்கள். எத்தனை நாள் செய்தீர்கள்? கோபம் வரும், இருந்தாலும் கேட்கிறேன். தொடைத் தசை வலுத்தால் முழங்காலுக்குத் தாங்கல் கிடைக்கும். எடை கூடியிருந்தால் அதையும் கவனியுங்கள்; உடம்பில் ஒரு கிலோ குறைந்தால், நடக்கும் ஒவ்வோர் அடியிலும் முழங்காலுக்கு ஏறக்குறைய நாலு கிலோ பாரம் குறைகிறது. மூன்று நாளில் நடக்காது, மூன்று மாதம் ஆகலாம்.

மருந்தகத்துக்குக் கிளம்பும் முன் தங்கைக்கு ஒரு போன் போடுங்கள். திடீரென நிறுத்தாமல், அவரும் அந்தப் பாதிச் சூரணத்தோடு மருத்துவரைப் பார்க்கட்டும்.