இ.எஃப். 62 சதவீதம், பிறகு ஏன் மாடிப்படியில் மூச்சு வாங்குகிறது?

கேள்வி: என் கணவருக்கு வயது 48, எடை 84 கிலோ, வயிற்றுச் சுற்றளவு 98 செ.மீ. ரத்த அழுத்தம் 138/88, வெறும் வயிற்றுச் சர்க்கரை 112, டிரைகிளிசரைடு (ரத்தத்தில் உள்ள ஒரு வகைக் கொழுப்பு) 210, ஹெச்.டி.எல். (நல்ல கொலஸ்ட்ரால்) 36. இரண்டு மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. எக்கோவில் (இதய ஸ்கேனில்) 'இ.எஃப். 62%, கிரேடு 1 டயஸ்டாலிக் டிஸ்ஃபங்ஷன்' என்று இருக்கிறது. பம்பிங் நன்றாக இருந்தும் ஏன் இப்படி?

பதில்: இடது கீழறையில் நிரம்பிய ரத்தத்தில் எத்தனை சதவீதம் ஒரு துடிப்பில் வெளியேறுகிறது என்பதுதான் இ.எஃப். சுருங்கிய அறை மறுபடி தளர்ந்து ரத்தத்தை வாங்கிக்கொள்ள வேண்டுமே, அதைப் பற்றி அந்த எண் எதுவும் சொல்லாது. எக்கோ காட்டும் குறை அங்கேதான். அந்தத் தளர்வுக் குறையைத்தான் டயஸ்டாலிக் டிஸ்ஃபங்ஷன் என்கிறோம்; கிரேடு 1 என்பது அதன் லேசான நிலை.

அதற்கான காரணத்தை அவருடைய மற்ற எண்களில் தேட வேண்டும். ஆண்களுக்கு வயிறு 90 செ.மீ. (பெண்களுக்கு 80), அழுத்தம் 130/85, சர்க்கரை 100, டிரைகிளிசரைடு 150 இவற்றைத் தொட்டாலோ தாண்டினாலோ, ஹெச்.டி.எல். 40க்குக் கீழே (பெண்களுக்கு 50) இறங்கினாலோ கணக்கில் சேரும். ஐந்தில் மூன்று இருந்தாலே மெட்டபாலிக் சிண்ட்ரோம், அதாவது இதயநோய்க்கும் சர்க்கரைநோய்க்கும் வழிவகுக்கும் கோளாறுகளின் கூட்டு. அவருக்கு ஐந்துமே இருக்கின்றன. ஒவ்வொன்றும் 'கொஞ்சம்தான் கூட' என்பதால் பலர் விட்டுவிடுகிறார்கள். அந்த அலட்சியம்தான் கவலை தருகிறது.

உயர்ந்த அழுத்தத்தை எதிர்த்துத் தள்ளித் தள்ளி இதயச் சுவர் தடிக்கிறது. இன்சுலின் சரியாக வேலை செய்யாததால் இதயத் தசை சர்க்கரையை விட்டுக் கொழுப்பையே அதிகம் எரிக்கிறது; அதே சக்திக்குக் கூடுதல் ஆக்சிஜன் செலவாகிறது. தசை தளர்வதற்கும் சக்தி வேண்டும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. நாளடைவில் தசைக்குள் நார்த்திசு படிந்து அறை விறைக்கிறது. துடிப்பு 70 ஆக இருக்கும்போது ஒரு துடிப்புக்கு முக்கால் நொடிக்கு மேல் கிடைக்கிறது. படியேறி 120 ஆனால் அரை நொடிதான். விறைத்த அறை அதற்குள் நிரம்பாது. அழுத்தம் பின்னோக்கி நுரையீரலுக்கு ஏறும், மூச்சு வாங்கும். எக்கோ படுத்த நிலையில் எடுப்பது என்பதால் இது அதில் முழுதாகத் தெரியாது.

ஆனாலும் எல்லாப் பழியையும் கிரேடு 1 மேல் போட வேண்டாம். ரத்தசோகை, தைராய்டு, நுரையீரல் பார்க்க வேண்டும். இதய ரத்தக்குழாய் அடைப்பும் வலியே இல்லாமல் வெறும் மூச்சுவாங்கலாக வரலாம். டிரெட்மில் பரிசோதனை தேவையா என்று இதய மருத்துவரிடம் கேளுங்கள். அதுவரை வேகப் பயிற்சி எதுவும் தொடங்க வேண்டாம்.

மருத்துவர் சம்மதித்தபின் வாரம் 150 நிமிடம் நடை, இரண்டு நாள் தசைப் பயிற்சி. முதல் இலக்கு 6 கிலோ குறைப்பது. டிரைகிளிசரைடுக்கு எண்ணெயை மட்டும் குறைத்தால் போதாது. சோறு, மைதா, இனிப்பு, மது எல்லாம் அதை ஏற்றுபவை. உப்பு நாளுக்கு 5 கிராம், ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாம் சேர்த்து. பேன்ட் அளவை நம்பாதீர்கள், அது தொப்பைக்குக் கீழே நிற்கிறது. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே, மூச்சை இயல்பாக விட்டபின் டேப்பால் அளந்து மாதம் ஒருமுறை குறித்து வையுங்கள்.

மூட்டுவலிக்குக் கடையில் டைக்ளோஃபெனாக் வாங்கிப் போடும் பழக்கம் இருந்தால் நிறுத்தச் சொல்லுங்கள். அது உப்பையும் நீரையும் உடலில் தேக்கும். கணுக்கால் வீங்கினால், மூன்று நாளில் 2 கிலோ ஏறினால், படுத்தால் மூச்சு முட்டினால் தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள். நெஞ்சு அழுத்தத்தோடு வியர்த்தால் உடனே 108.