இன்சுலின் போடுவது நான், கையெழுத்துப் போட்டது அவர்

கேள்வி: கோத்தகிரி பக்கம் ஒரு எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறேன். வயது 43, இரண்டு பிள்ளைகள். ஒன்றரை வருடமாக மாதவிடாய் வந்தால் ஒன்பது, பத்து நாள் நிற்பதில்லை. ஸ்கேனில் கர்ப்பப்பையில் 5 செ.மீ. நார்க்கட்டி என்று வந்தது. ரத்தம் 8.2தான் இருக்கிறதாம். டாக்டர் என் கணவரை மட்டும் உள்ளே கூப்பிட்டு, "கர்ப்பப்பையை எடுத்துடலாம், இனிமே அது எதுக்கு?" என்றாராம். அவரும் கையெழுத்துப் போட்டுவிட்டார். அடுத்த மாதம் ஆபரேஷன். மாமியாருக்குத் தினமும் இன்சுலின் போடுவது நான்தான். என் வயிற்றைப் பற்றி என்னிடம் ஒருவரும் கேட்கவில்லை. இப்போது வேண்டாம் என்றால் சட்டப்படி சிக்கலாகுமா?

பதில்: ஒரு சிக்கலும் ஆகாது. தியேட்டர் வாசலில் ஸ்ட்ரெச்சரில் படுத்திருக்கும்போதுகூட நீங்கள் வேண்டாம் என்று சொல்லலாம். நிறுத்தித்தான் ஆக வேண்டும். 18 வயது நிரம்பி, நினைவோடு இருக்கும் ஒருவருக்குச் செய்யும் சிகிச்சைக்கு அவர் சம்மதம்தான் சம்மதம். கணவரின் கையெழுத்து, கூட வந்தவர் இன்னார் என்று காட்டும். உங்கள் சம்மதத்துக்கு அது ஈடாகாது.

டெல்லியில் 44 வயதுப் பெண் ஒருவர், வயிற்றுக்குள் கருவி விட்டுப் பார்க்கும் பரிசோதனைக்குச் சம்மதித்திருந்தார். அவர் மயக்கத்தில் இருக்கும்போதே, வெளியே உட்கார்ந்திருந்த அம்மாவிடம் சம்மதம் வாங்கிக் கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். 2008இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. உயிருக்கு ஆபத்தான அவசரம் இல்லாதபோது அம்மாவின் சம்மதம் செல்லாது, அவர் கண் விழித்த பிறகு அவரிடமே கேட்டிருக்க வேண்டும் என்றது. பெற்ற தாய்க்கே இதுதான் நிலை. கருக்கலைப்புக்குக்கூட 1971ஆம் ஆண்டுச் சட்டம் கேட்பது 18 வயதான பெண்ணின் சம்மதத்தை மட்டுமே. கணவர் கையெழுத்து என்பது ஆஸ்பத்திரிகள் தாங்களாக வளர்த்துக்கொண்ட பழக்கம்.

அந்தப் பழக்கம் எனக்கும் இருந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், "யாராவது ஆம்பளை வந்திருக்காங்களா?" என்று வாசலைப் பார்த்துக் கேட்டிருக்கிறேன். எதிரே நோயாளி உட்கார்ந்திருப்பார். ஒரு மூத்த நர்ஸ்தான், "அவங்களுக்கே நல்லா புரியும் டாக்டர், சொல்லுங்க" என்றார். சர்க்கரை அளவைப் பார்த்து இன்சுலின் போடத் தெரிந்த உங்களுக்கு நார்க்கட்டி புரியாதா என்ன?

அது புற்றுநோய் இல்லை. கர்ப்பப்பைத் தசையில் வளரும் சாதாரணக் கட்டி. அளவைவிட இருக்கும் இடம்தான் முக்கியம். உள்சுவரை ஒட்டியிருந்தால் சின்னக் கட்டிகூட நிறைய ரத்தப்போக்கைத் தரும். வெளிப்பக்கம் இருந்தால் 5 செ.மீ. கட்டியாலும் தொந்தரவே இல்லாமல் போகலாம். மாதவிடாய் நின்றபின் இவை பெரும்பாலும் சுருங்கிவிடும். நாற்பதைத் தாண்டி இப்படிப் போகிறது என்றால், முதலில் கர்ப்பப்பையின் உள்சவ்வில் சிறு துணுக்கு எடுத்துச் சோதிக்கச் சொல்வேன். அது செய்தார்களா என்று கேளுங்கள். அதில் கோளாறு இல்லையென்றால் வழிகள் பல: போக்கு அதிகமான நாள்களில் மட்டும் போடும் மாத்திரை, கர்ப்பப்பைக்குள் வைத்தால் சில வருடங்கள் வேலை செய்யும் ஹார்மோன் சாதனம், கட்டியை மட்டும் நீக்கும் அறுவை. இவற்றில் எது பொருந்தும் என்பதை ஸ்கேனைப் பார்த்துதான் சொல்ல முடியும். ஒன்றைக்கூட உங்களிடம் சொல்லாமல் தேதி குறித்ததுதான் தவறு.

அதற்காக ஆபரேஷனே கூடாது என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தேயிலைச் செடிக்கு நடுவே கழிப்பறை ஏது? மழையில், அட்டை ஏறும் ஈரத்தில், நாப்கின் மாற்ற ஒரு மறைவு தேடி, அந்த நேரத்தில் பறிக்கும் கொழுந்தின் எடை குறைந்து கூலியும் குறையும். "எடுத்துவிட்டால் நிம்மதி" என்று தெளிவாகக் கேட்டு வாங்கிக்கொண்ட பெண்களைப் பார்த்திருக்கிறேன். எல்லாம் கேட்டபின் நீங்களும் அதையே விரும்பினால் அதுவும் சரியான சிகிச்சைதான். அப்போது மூன்று விஷயம் கேட்டுக்கொள்ளுங்கள். சினைப்பைகளை விட்டுவைப்பார்களா? உங்கள் வயதில் காரணமில்லாமல் அவற்றை எடுக்கக் கூடாது. எலும்புக்கும் இதயத்துக்கும் கெடுதல். வயிற்றைத் திறந்து செய்வதா, துளை வழியாகவா? திறந்து செய்தால் ஆறு வாரமாவது கொழுந்து மூட்டை தூக்கக் கூடாது. அந்த ஆறு வாரம் தண்ணீர் எடுப்பது யார், மாமியாருக்கு ஊசி போடுவது யார்? இதைக் கணவரிடம் இப்போதே பேசுங்கள். அவரை எதிரியாக்க வேண்டியதில்லை. அவரிடமும் முழுசாக யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் உங்கள் பகுதி கிராம சுகாதார செவிலியரை அழைத்துப் போங்கள். கூடலூரில் 1990 முதல் இயங்கும் ஆதிவாசி மருத்துவமனையில் அந்தச் சமூகங்களின் பெண்களே நர்ஸ்களாக இருக்கிறார்கள். தன் பேச்சில் விளக்க ஆள் இருந்தால் நோயாளி கேள்வி கேட்கத் தொடங்கிவிடுவார். இன்னொரு டாக்டரின் கருத்துக் கேட்க ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். ஸ்கேன் ரிப்போர்ட்டை மறக்காமல் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். தர மறுக்க முடியாது.

எந்த வழியில் போனாலும் ரத்தத்தின் ஹீமோகுளோபின் அளவான அந்த 8.2 முதலில் ஏற வேண்டும்; பெண்களுக்கு 12 இருக்க வேண்டும். இரும்புச்சத்து மாத்திரை வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் ஊசியாக ஏற்றுவார்கள். நீலகிரிக்காரரிடம் டீயை விடச் சொல்லும் தைரியம் எனக்கில்லை. ஆனால் சாப்பாட்டோடும் மாத்திரையோடும் டீ குடித்தால் இரும்பு உடம்பில் சரியாகச் சேராது. நடுவே ஒரு மணி நேரமாவது விடுங்கள். மணிக்கு ஒரு நாப்கின் நனைகிறது, தலை சுற்றுகிறது, மூச்சு வாங்குகிறது என்றால் விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே 108ஐக் கூப்பிடுங்கள்.